பன்னிரண்டு குடம்

குளியல் தொட்டி விற்கிற கடைக்குள் நுழைந்த ஐந்து நிமிடத்தில் ‘ரிலாக்ஸ்’ என்ற சொல் பத்துத் தடவையாவது காதில் விழுந்துவிடும். ரிலாக்ஸ் பண்றதுக்குன்னே டிசைன் பண்ணது சார். ஆபீஸ் டென்ஷன் எல்லாம் அப்படியே எறங்கிடும் சார். தொட்டியின் விளிம்பில் பிளாஸ்டிக் ஆர்க்கிட் ஒன்று, உருட்டி வைத்த வெள்ளைத் துண்டு, ஒருநாளும் ஏற்றப்படாத மெழுகுவத்தி. கடைக்காரப் பையனைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. எனக்கு வேண்டியிருந்ததும் அந்தச் சொல்தான். என்ன, நான் அதை அகராதிப் பொருளில் தேடிக்கொண்டு போயிருந்தேன்: இறுகிக் கிடக்கும் தசை தளர்வது.

எனக்கு அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். பெயரைச் சொன்னால் பாதிப்பேர் ஸ்பாண்டிலோசிஸ் என்று காதில் வாங்கிக்கொண்டு, “கம்ப்யூட்டர் முன்னாடியே உக்காந்திருந்தா வராம என்ன செய்யும்” என்பார்கள். அது தேய்மானம். இது வாதம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தன் மூட்டுகளைப் பகையாளியாக நினைத்துத் தாக்குவது. இடுப்பெலும்பும் முதுகெலும்பும் சேரும் இடத்தில் ஆரம்பித்து மெல்ல மேலே ஏறும். பெரும்பாலும் இருபதுகளில் தொடங்கும். முற்றிவிட்டால் முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்து எக்ஸ்-ரேயில் கணுக்கணுவாகத் தெரியும். மருத்துவர்களே அதற்கு மூங்கில் முதுகு என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த அளவுக்குப் போகவில்லை.

இந்த நோயின் தனிக்குணம், ஓய்வெடுத்தால் கூடும், அசைந்தால் குறையும் என்பது. சாதாரண முதுகுவலிக்காரன் படுத்தால் சரியாகிறான். நான் படுத்தால்தான் பிரச்சினை. விடியற்காலை மூன்றரை, நாலு மணிக்கு வலி எழுப்பிவிடும். எழுந்தால் முதுகு வளையாது. சாக்ஸ் போடுவது, குனிந்து பல் விளக்கித் துப்புவது எல்லாம் ஒரு மணி நேரம் கழித்துத்தான். இருபத்தாறு வயதில் ஆரம்பித்தது. அடுத்த ஆறு வருடம் நாற்காலி, மெத்தை, பைக், பழைய மஹாபலிபுரம் சாலையின் வேகத்தடை என்று ஒவ்வொன்றின் மீதும் பழி விழுந்தது. 2019 கடைசியில் வாதநோய் நிபுணர் ஒருவர் ரத்தத்தில் எச்எல்ஏ-பி27 பார்த்து, எம்ஆர்ஐ எடுத்து, பெயர் சொன்னார். பெயர் கிடைத்த அன்று எனக்கு ஏற்பட்டது நிம்மதிதான். எத்தனையோ பக் ரிப்போர்ட்டுகளில் ‘என் மெஷினில் சரியாக ஓடுகிறது’ என்று மூடிவிட்டுப் போனதற்குப் பிறகு ஒருவர் பிழையைத் தன் கண்ணால் பார்த்துவிட்டார்.

மருந்து உண்டு, ஊசி உண்டு, தினசரி உடற்பயிற்சி உண்டு. இவற்றோடு வெந்நீர். வெந்நீர் நோயை ஒன்றும் செய்யாது. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வாட்ஸ்அப்பில் வெந்நீரே சகலத்துக்கும் மருந்து. வெந்நீர் செய்வதெல்லாம், எலும்பைச் சுற்றிக் காவல் நிற்கிற தசைகளைக் கொஞ்ச நேரம் அமரச் செய்வது. அந்த நேரத்துக்குள் நான் குனிந்து, திரும்பி, உடம்பைத் திறந்துகொள்ள வேண்டும். மழைபோல் விழும் ஷவரைவிட, கழுத்துவரை முங்கி உட்காருவதில் பலன் அதிகம். சூடும் கிடைக்கிறது, உடம்பின் பாரத்தை முக்கால்வாசி தண்ணீரே தாங்கிக்கொள்கிறது.

இதை நான் தெரிந்துகொண்டது நோய்க்குப் பெயர் கிடைப்பதற்கு மூன்று வருடம் முன்னால், கவாசாகியில். கம்பெனி இரண்டு வருடம் அனுப்பியிருந்தது. எங்களுக்குக் கிடைத்த அபார்ட்மெண்டில் படுக்கையறை என்று தனியாகக் கிடையாது, இரண்டு பேர் நின்றால் சமையலறை நிறைந்துவிடும், ஆனால் குளியலறையில் மட்டும் ஒரு தொட்டி இருந்தது. காலை நீட்டிப் படுக்க முடியாது. முழங்காலை மடக்கி நிமிர்ந்து உட்கார வேண்டும். நீளம் குறைவு, ஆழம் அதிகம். சுவரில் ஒரு பலகை, அதில் 41 என்று அழுத்திவிட்டுப் போனால் தானே நிரம்பி, ஒரு சின்ன மெட்டு வாசித்து, ஒரு பெண் குரல் குளியல் தயார் என்று அறிவிக்கும்.

ஜப்பானியத் தொட்டியை நம்மாட்கள் பலர் தவறாகப் பயன்படுத்துவதைப் பார்த்திருக்கிறேன். அங்கே தொட்டி அழுக்குப் போக்குவதற்கு இல்லை. வெளியே குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து, சோப்புப் போட்டுத் தேய்த்து, ஊற்றிக் கழுவி, முழுக்கச் சுத்தமான பிறகுதான் உள்ளே இறங்க வேண்டும். அதனால் ஒரே தண்ணீரில் குடும்பம் முழுக்க ஒருவர் பின் ஒருவராக இறங்குவார்கள். நடுவில் சூடு குறையாமலிருக்க மேலே மூடி போட்டு வைப்பார்கள். பாய் மாதிரிச் சுருட்டுகிற மூடி. சூடு குறைந்தால் அதே தண்ணீரை மறுபடி கொதிகலன் வழியாகச் சுற்றவிட்டு ஏற்றிக்கொள்ளலாம். எல்லாரும் குளித்து முடித்த பிறகு ஒரு சின்ன பம்ப் குழாய் வைத்து மிச்சத் தண்ணீரை வாஷிங் மெஷினுக்கு இழுத்துக்கொள்வதும் சாதாரணம். தண்ணீரை இவ்வளவு கணக்குப் பார்க்கிற ஓர் ஊர் தினமும் தொட்டி நிறையக் குளிக்கிறது. இரண்டும் ஒரே வீட்டில் நடக்கிறது என்பதே எனக்கு அங்கே பெரிய செய்தியாக இருந்தது.

இன்னொன்று. அந்தக் குளியலறை மொத்தமும் தொழிற்சாலையில் வார்த்து, கொண்டுவந்து பொருத்தியது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்காக நியூ ஓட்டானி ஓட்டலைக் கட்டியபோது ஆயிரத்துக்கு மேற்பட்ட அறைகளுக்குக் குளியலறை கட்ட நேரமில்லை. டோட்டோ நிறுவனம் தரை, சுவர், தொட்டி எல்லாவற்றையும் துண்டுகளாகத் தயாரித்துக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அவசரத்தில் பிறந்த ஏற்பாடு, இன்று அந்த நாட்டின் வழக்கமாகிவிட்டது. நம் ஊரில் கொத்தனாரும் பிளம்பரும் ஒருவர்மீது ஒருவர் பழி சொல்லிக்கொண்டு மூன்று மாதம் எடுப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஓட்டல் ஞாபகம் வரும்.

கவாசாகியில் ராத்திரி பத்து மணிக்கு அந்தத் தொட்டியில் இருபது நிமிடம். அந்த இரண்டு வருடம் நான் ஓரளவு தூங்கினேன். ஏன் என்று அப்போது தெரியாது.

சென்னைக்குத் திரும்பி வந்த முதல் கோடை 2019. அந்த ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறக்குறைய வறண்டு கிடந்தன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது, ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். பெரும்பாக்கத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த குடியிருப்பில் தண்ணீர் லாரிக்குச் சொல்லிவிட்டு மூன்று நாள், நான்கு நாள் காத்திருப்போம். ஆளுக்கு ஒரு பக்கெட். அந்த ஒரு பக்கெட்டைச் சூடு பண்ணி, குவளை குவளையாக இடுப்பில் ஊற்றிக்கொண்டு, குளியலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற காலைகள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. என் உடம்பு மோசமாக இருந்த வருடமும் ஊரில் தண்ணீர் இல்லாத வருடமும் ஒன்றே. ஆகையால் 2023-இல் சேலையூரில் ஒரு பழைய மாடிவீட்டை வாங்கிப் புதுப்பிக்க ஆரம்பித்தபோது, தொட்டி வேண்டும் என்பதை என்னால் சட்டென்று வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. மனைவிதான் சொன்னாள். அதையும் அம்மா இருக்கும்போதே.

அம்மா கோவில்பட்டிக்காரி. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்கள் தெருக்குழாயில் வாரத்துக்கு ஒரு தடவை தண்ணீர் வந்தால் அது நல்ல வாரம். குடங்களை வரிசையில் போட்டுவிட்டு, ஆள் தூங்கப் போனாலும் குடம் வரிசையில் நிற்கும். அம்மாவுக்கு லிட்டர் கிடையாது, குடம்தான் அலகு. சமையலுக்கு ரெண்டு கொடம், குளிக்கத் தலைக்கு ஒண்ணரைக் கொடம். எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாளில் வெந்நீர்த் தவலையிலிருந்து ஒரு சொம்பு கூடுதல். அவள் மனசில் ஓடும் கணக்கு இதுதான்.

“ஏய்யா, அதுல எத்தன கொடம் பிடிக்கும்?”

நூத்தி எண்பது லிட்டர் என்றேன். பிளாஸ்டிக் குடம் பதினைந்து லிட்டர். அவள் விரல் மடக்கவில்லை.

“பன்னெண்டு கொடம். ஒரு ஆளு குளிக்கவா?”

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். “ஒனக்கு ஒடம்பு நல்லாருக்கும்னா வேண்டாம்னு சொல்லல. கணக்குத்தான் கேட்டேன்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

கணக்குக் கேட்டால் கணக்குத்தான் கொடுக்க வேண்டும். ஒரு வாரம் ஆபீஸ் வேலைக்கு நடுவில் எக்செல்லில் உட்கார்ந்தேன். முதல் விஷயம், நூற்றெண்பது லிட்டர் என்பது காலித் தொட்டியின் கொள்ளளவு. நான் இறங்கினால் என் உடம்பே ஒரு ஐம்பது, ஐம்பத்தைந்து லிட்டர் இடத்தை எடுத்துக்கொள்ளும். ஆகவே ஊற்ற வேண்டியது நூற்று முப்பதுக்குக் கிட்டத்தான். ஆர்க்கிமிடீஸ் பெயரைச் சொல்லி அம்மாவிடம் இதை விளக்க ஆரம்பித்தேன். அவள் இடைமறித்து, “அண்டால அரிசியப் போட்டா தண்ணி ஏறும்லா, அதான” என்றாள். ஒன்பது குடத்துக்கு இறங்கியது.

அடுத்தது கீசர். இதைத் தொட்டி வாங்க நினைக்கிற எவரும் கடைக்குப் போகும் முன்னால் போட்டுப் பார்த்துவிட வேண்டும். கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். நம் வீடுகளில் இருப்பது பதினைந்து அல்லது இருபத்தைந்து லிட்டர் கீசர். தண்ணீர் 65 டிகிரிவரை சூடாகிறது என்று வைத்துக்கொள்வோம். குழாய்த் தண்ணீர் 27 டிகிரி. இரண்டையும் கலந்து 40 டிகிரிக்குக் கொண்டுவந்தால் இருபத்தைந்து லிட்டர் கீசரிலிருந்து 73 லிட்டர்தான் கிடைக்கும். அதாவது பாதித்தொட்டி. அடுத்த பாதிக்குக் கீசர் மறுபடி சூடாவதற்குள் முதல் பாதி ஆறிவிடும். இப்படி வாங்கிவிட்டுத் துணி ஊறவைக்கப் பயன்படுத்துகிற இரண்டு வீடுகள் எனக்குத் தெரியும். ஐம்பது லிட்டர் கீசர் இருந்தால் 146 லிட்டர். போதும். மின்சாரம் ஒரு நிரப்புக்கு இரண்டு யூனிட். குழாயும் அரை அங்குலம் போதாது. மொட்டை மாடி டேங்கிலிருந்து வரும் அழுத்தம் ஒற்றை மாடிக்குச் சொற்பம், முக்கால் அங்குலக் குழாய் போட்டால்தான் கால் மணி நேரத்தில் நிரம்பும்.

எடை இன்னொரு பயம். மாடியில் தொட்டி வைத்தால் இடிந்து விழுமா என்று உறவினர்களில் மூன்று பேர் கேட்டார்கள். நானும் தண்ணீருமாகச் சேர்ந்து, அக்ரிலிக் தொட்டியின் எடையையும் கூட்டினால் 240 கிலோ வரும். வீடுகளின் தளத்தைச் சதுர மீட்டருக்கு 200 கிலோ தாங்கும்படி வடிவமைக்க வேண்டும் என்பது இந்தியத் தரநிர்ணயக் கணக்கு. எங்கள் குளியலறை 3.6 சதுர மீட்டர். அதனால் மொத்தத் தளத்தில் பார்த்தால் பயமில்லை, பீமை ஒட்டி வைத்தால் இன்னும் நல்லது என்றார் கட்டுமானப் பொறியாளர். அவர் கவலை வேறு இடத்தில் இருந்தது. பழைய வீடுகளில் குளியலறைத் தளத்தை ஓர் அடி தாழ்த்தி, அதைச் செங்கல் ஜல்லியால் நிரப்பியிருப்பார்கள். சங்கன் ஸ்லாப். “அந்த ஜல்லி எடை ஒங்க தொட்டிய விட அதிகம் சார். அதப் பத்தி யாருமே பயப்படுறதில்ல” என்று சிரித்தார். அதைத் தோண்டி எடுத்துவிட்டு இலகு கான்கிரீட் துண்டுகளால் நிரப்பினோம்.

வார்ப்பிரும்புத் தொட்டியை இதில் சேர்க்கவில்லை. அது காலியாகவே நூறு கிலோவைத் தாண்டும். பார்க்க ராஜகம்பீரம்தான், கீறல் விழாது, சூடேறிவிட்டால் சூட்டை விடாது. ஆனால் சூடேறும்வரை நம் தண்ணீரின் சூட்டை அது குடிக்கும். இந்த எனாமல் வார்ப்பிரும்புத் தொட்டிக்கு நல்ல கதை ஒன்று உண்டு. 1883-இல் அமெரிக்காவில் ஜான் மைக்கேல் கோலர் என்பவர் பண்ணைத் தொட்டி ஒன்றுக்கு எனாமல் பூசி, நான்கு கால் வைத்துக் குளியல் தொட்டியாக விற்றார். வாங்கிய விவசாயி ஒரு பசுவும் பதினான்கு கோழியும் விலையாகக் கொடுத்தார் என்பது அந்த நிறுவனமே சொல்லிக்கொள்ளும் கதை. நான் இதை அம்மாவிடம் சொல்லவில்லை. ஆனால் ஷோரூமில் கால் வைத்த தொட்டியைப் பார்த்ததும் அவள் சொன்னது: “மாட்டுக்குத் தண்ணி காட்டுற தொட்டில்லா இது.”

பையன் எங்களை அடுத்து அழைத்துப்போனது ஜக்கூஸியிடம். பக்கவாட்டில் எட்டு ஜெட், அடியில் காற்றுக் குமிழி, நீல விளக்கு. விலையைச் சொல்லும்போது அவன் குரலில் ஒரு தணிவு. சொகுசின் உச்சம் என்று எல்லாரும் நினைக்கிற இந்தப் பொருளின் பின்னால் ஒரு நோயாளிக் குழந்தை இருக்கிறது என்பது எனக்கு எப்போதும் ஆறுதலான விஷயம். ஜக்கூஸி என்பது ஒரு குடும்பப் பெயர். இத்தாலியிலிருந்து கலிஃபோர்னியா போன சகோதரர்கள். விமான புரொப்பெல்லர் செய்தார்கள், சிறு விமானமும் செய்தார்கள். 1921-இல் அவர்களின் விமானம் விழுந்து ஒரு சகோதரர் இறந்தார். விமானத்தை விட்டுவிட்டுக் கிணற்று பம்புகளுக்கு வந்தார்கள். அவர்களில் இளையவரான கேண்டிடோவின் மகன் கென்னத்துக்குக் கைக்குழந்தைப் பருவத்திலேயே முடக்குவாதம் வந்தது. ஆஸ்பத்திரியில் நீர்ச்சிகிச்சை கொடுத்தார்கள். அது வீட்டிலும் கிடைக்க வேண்டும் என்று, அப்பா தனக்குத் தெரிந்த பம்பையே சின்னதாக்கிச் சாதாரணத் தொட்டிக்குள் இறக்கினார். 1956-இல் அது விற்பனைக்கு வந்தது. தொட்டியோடு சேர்த்தே ஜெட் வைத்து விற்கத் தொடங்கியது 1968-இல், அடுத்த தலைமுறைக்காரரான ராய் ஜக்கூஸி. அதற்குப் பிறகுதான் அது ஹாலிவுட்காரர்களின் பொருள்.

மராவும் அப்படித்தான். பிரெஞ்சுப் புரட்சிக்காரர் மரா தோல்நோயின் எரிச்சல் தாங்காமல் மருந்துத் தண்ணீர் நிரப்பிய தொட்டியில் உட்கார்ந்தபடி, குறுக்கே ஒரு பலகை போட்டு எழுதிக்கொண்டிருந்தார். 1793 ஜூலையில் அந்தத் தொட்டியிலேயே குத்திக் கொல்லப்பட்டார். டேவிட் வரைந்த ஓவியம் எல்லாருக்கும் தெரியும். எனக்கு அந்தப் படத்தில் கத்தியைவிட அந்தப் பலகைதான் முதலில் கண்ணில் படும். வலியோடு வீட்டிலிருந்து வேலை பார்த்த மனிதர்.

இவ்வளவு மரியாதை இருந்தும் ஜெட் வைத்த தொட்டியை நான் வாங்கவில்லை. சேலையூர் போர்வெல் தண்ணீர் உப்பு. கீசரின் காயிலே இரண்டு வருடத்தில் சுண்ணாம்பு படிந்து வெள்ளைக் குச்சியாகிவிடும். அந்தத் தண்ணீர் பம்புக்குள்ளும் மெல்லிய குழாய்களுக்குள்ளும் ஓடினால் என்ன ஆகும் என்று யோசிக்கத் தனிப் படிப்பு வேண்டாம். குளித்த பிறகு அந்தக் குழாய்களுக்குள் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும், வழுவழுப்பாகப் பாசி மாதிரிப் படியும், மாதம் ஒருமுறை மருந்து விட்டு ஓட்ட வேண்டும். நகரும் பாகம் குறைந்த பொருளே நல்ல பொருள்.

பிறகு நான் தொட்டி தொட்டியாக இறங்கிப் படுத்துப் பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, காய்ந்த தொட்டிக்குள். இரண்டு கடையிலுமாகப் பதினொரு தொட்டி. பையனுக்குச் சங்கடம், மற்ற வாடிக்கையாளர்களுக்கு வேடிக்கை. ஆனால் வேறு வழியில்லை. கேட்லாக்கில் ஆழம் 58 சென்டிமீட்டர் என்று போட்டிருப்பான். விளிம்புக்குக் கீழே வழிந்தோட ஓர் ஓட்டை இருக்கும். தண்ணீர் அதுவரைதான் நிற்கும், அது 40-தான் இருக்கும். உட்கார்ந்தால் தோள் வெளியே, முழங்கால் வெளியே. முதுகுச் சாய்வும் முக்கியம். முட்டை வடிவத் தொட்டிகள் பெரும்பாலும் முதுகை ஒரு கிண்ணத்துக்குள் வளைத்துப் போட்டுவிடும். வளைந்தே ஒட்டிப்போய்விடுமோ என்ற பயத்தில் இருக்கிற முதுகுக்கு அது ஆகாது. எனக்குத் தட்டையான, கொஞ்சமே சாய்ந்த பின்புறம் வேண்டும். ஐந்தடி ஆறங்குல நீளத்தில் பெரிதாகப் பரந்து கிடப்பதைவிட, 140 சென்டிமீட்டரில் ஆழமாக இருப்பது எனக்கும் நல்லது, தண்ணீருக்கும் நல்லது.

மனைவிக்கு அந்த முட்டை வடிவத் தொட்டி பிடித்திருந்தது. மங்கிய வெள்ளை, நடு அறையில் தனியாக நிற்பது. நான் அதன் விளிம்பு உயரம், காலைத் தூக்கி வைக்கும் சிரமம், சுத்தம் செய்யத் துடைப்பம் போகாத பின்பக்கம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். அவள் கேட்டுவிட்டு ஆட்டோவில் திரும்பும்போது சொன்னாள்: “நம்ம வீட்ல மெத்தை உங்க முதுகுக்கு. சேர் உங்க முதுகுக்கு. கார் கூட சீட் பாத்துத்தான் வாங்கினோம். இதுவும் சரிதான். ஆனா இது ஆஸ்பத்திரி மாதிரி இருக்கக் கூடாது. நானும் அந்த வீட்லதான இருக்கப் போறேன்?”

இதற்கு எக்செல்லில் இடமில்லை. நோய் உள்ள வீட்டில் மற்றவர்களின் ரசனை ஒவ்வொரு பொருளாகப் பின்வாங்கிப் போய்விடுகிறது. எதை வாங்கினாலும் முதலில் பயன், பிறகு பயன். அழகு என்ற பேச்சை எடுப்பதே நோயாளிக்கு எதிரான குற்றம் மாதிரி ஆகிவிடுகிறது. அவள் பத்து வருடமாக அந்தப் பேச்சை எடுக்காமலிருந்தாள்.

தொட்டியின் அளவு, சாய்வு, ஆழம் என்னுடையது. மற்றது முழுக்க அவளுடையது என்று பிரித்துக்கொண்டோம். அவள் தொட்டியைச் சுற்றி ஓரடி அகலத்துக்குத் திண்டு கட்டச் சொன்னாள். மேலே கறுப்புக் கடப்பாக்கல், எண்ணெய் தேய்த்து மெருகேற்றியது. கோவில்பட்டி வீட்டுச் சமையலறை மேடையும் கடப்பாக்கல்தான் என்பதால் அம்மாவுக்கு அது உடனே பிடித்துப்போனது. திண்டில் உட்கார்ந்து, காலை ஒவ்வொன்றாக உள்ளே போட்டு இறங்கலாம். முட்டைத் தொட்டியில் இது முடியாது. சுவருக்கு அடர்பச்சை டைல்ஸ். சைபனைத் திறந்து பார்க்கத் திண்டின் ஒரு முனையில் கல்லையே கதவாக்கியிருந்தாள், சொன்னால்தான் தெரியும்.

கைப்பிடிக் கம்பி விஷயத்தில் சண்டை வந்தது. முப்பத்தாறு வயதில் குளியலறையில் கைப்பிடிக் கம்பியா என்று எனக்கு. வழுக்கி விழுந்தால் இந்த முதுகோடு என்ன ஆகும் என்று அவளுக்கு. ஒட்டிய முதுகெலும்பு சுலபமாக முறியக்கூடியது என்பதை மருத்துவரிடம் கேட்டுவைத்திருந்தாள். துண்டு போடுகிற கம்பியைப் பிடித்துக்கொள்கிறேன் என்றால், அது நாலு கிலோ ஈரத் துண்டுக்குச் செய்தது, ஆளைத் தாங்காது. கடைசியில் நூறு கிலோவுக்கு மேல் தாங்கும் கம்பியாகவே வாங்கி, சுவருக்குள் போல்ட் போட்டு முடுக்கினாள். கறுப்பு நிறத்தில், டைல்ஸ் இணைப்புக் கோட்டை ஒட்டி. வருகிறவர்கள் எல்லாரும் டவல் ராடு நன்றாக இருக்கிறதே என்கிறார்கள். நானும் ஆமாம் என்பேன்.

நீர்க்கசிவுதான் மிச்சமிருந்த பெரிய கவலை. மொகஞ்சதாரோவின் பெருங்குளத்துக்குச் செங்கல் அடுக்கி இடையில் நிலக்கீல் பூசியிருக்கிறார்கள். நாலாயிரம் வருடத்துக்கு முந்திய ஆட்களுக்குத் தெரிந்த விஷயத்துக்கு எங்கள் பிளம்பர் “அதெல்லாம் வேணாம் சார், சிமெண்டே போதும்” என்றார். விடவில்லை. இரண்டு கோட்டிங் அடித்து, டைல்ஸ் போடுவதற்கு முன்னால் வடிகாலை அடைத்து, அறை முழுக்க நாலு அங்குலம் தண்ணீர் கட்டி இரண்டு நாள் வைத்தோம். குளியலறைக்கு நேர் கீழே அம்மாவின் அறை, அதில் அவளுடைய சாமி அலமாரி. இரண்டு நாளும் காலை, மாலை இரண்டு வேளையும் நாற்காலி போட்டு ஏறி நின்று கூரையைத் தடவிப் பார்த்தாள். “காஞ்சிதான் கெடக்கு” என்ற பிறகுதான் டைல்ஸ்காரர் வேலையை ஆரம்பித்தார்.

இப்போது எப்படி ஓடுகிறது என்றால்: வாரத்தில் மூன்று நாள். உடம்பு படுத்துகிற வாரத்தில் தினமும். ஜப்பான் முறைதான். வெளியே அரை பக்கெட்டில் குளித்துவிட்டுச் சுத்தமாக இறங்குவது. ராத்திரி பத்து மணிக்கு நான், பிறகு அவள். பிறகு மூடி. சுருட்டு மூடி இங்கே கிடைக்கவில்லை. பாலிகார்பனேட் ஷீட்டை அளந்து இரண்டு துண்டாக வெட்டி வாங்கினோம். சூடு நிற்பதற்கு என்று போட்டது, நம் ஊரில் கொசு முட்டையிடாமல் இருப்பதற்கும் அதுவே வேண்டியிருக்கிறது. பத்து மணிக்கு 40 டிகிரி இருந்த தண்ணீர் காலை நாலரைக்கு 35-இல் இருக்கும். இரண்டு பக்கெட் மொண்டு வெளியே வைத்துவிட்டு, இருபத்தைந்து லிட்டர் கீசர் தண்ணீரைக் கலந்தால் மறுபடி 40-ஐ நெருங்கிவிடும். அதற்குள் இறங்கி உட்கார்ந்து கழுத்தை இடமும் வலமும் திருப்புவேன். முதலில் ஒரு பக்கம் நாற்பது டிகிரிகூடத் திரும்பாது. பதினைந்தாவது நிமிடத்தில் ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் முழுசாகத் தெரியும். சாக்ஸ் போட்டுக்கொள்ள முடிகிறது.

மொண்டு வைத்த இரண்டு பக்கெட் அம்மாவின் பங்கு. வாசல் தெளிக்க, முருங்கைக்கு. மீதியைக் கழிவறை ஃப்ளஷ்ஷுக்குத் திருப்ப நான் ஒரு சின்ன டேங்கும் வால்வும் வைத்தேன். நூறு லிட்டருக்குப் பதினாறு ஃப்ளஷ். அம்மா அதன் கணக்கையும் கேட்டுக்கொண்டாள். ஒன்பது குடத்தில் மூன்று குளியல், ஒரு வாசல், ஒரு முருங்கை, பதினாறு ஃப்ளஷ். “அப்போ ஷவர்ல நிக்கிறதுதான் வீண்” என்று அவளாகவே ஒருநாள் சொன்னாள். அது இப்போது என் அக்கா மகனுக்கு எதிராகப் பிரயோகிக்கப்படுகிறது. விடுமுறைக்கு வந்தால் ஷவரில் அரைமணி நேரம் நிற்கிறவன்.

அவள் மட்டும் அதில் இறங்கவில்லை. முழங்கால் வலி அவளுக்கும் உண்டு, எத்தனையோ தடவை கூப்பிட்டோம். பொதுத் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது என்பாள், கரண்டு ரெண்டு யூனிட்டு என்பாள்.

மே மாதம் கத்திரி வெயிலில் ஒரு சாயங்காலம் தொட்டியைக் கழுவுவதற்காகக் குழாயைத் திறந்தேன். மொட்டை மாடியில் கறுப்பு டேங்க் நாள் முழுக்கக் காய்ந்திருந்தது. தெர்மாமீட்டரைப் பிடித்தேன், 39. கீசர் சுவிட்சைப் போடவே இல்லை. கழுவிவிட்டு முழங்கால் அளவுக்கு நிரப்பி, கீழே போய்ச் சொன்னேன். நம்பாமல் மாடியேறி வந்து கையை விட்டுப் பார்த்தாள். கீசரின் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சேலையைக் கெண்டைக்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, கடப்பாக்கல்லில் உட்கார்ந்து, டவல் ராடைப் பிடித்தபடி ஒரு காலை உள்ளே விட்டாள்.

“சும்மா கெடந்த வெயிலுதான” என்று சொல்லி, இன்னொரு காலையும் விட்டாள்.